பச்சைக் கண்ணாடி, பன்னிரண்டு வெள்ளி

காலை ஏழு பத்துக்கு
அப்பர் சாங்கி சாலையில் கிழக்கே திரும்பினால்
சூரியன் நேராக வந்து
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும்.
நான் எங்கே உட்கார?

அதற்காகத்தான் தேக்கா மாடிக் கடைக்குப் போனது.
ஷேக் மதார் பதினெட்டு என்றான்.
பன்னிரண்டுக்கு மேல் பத்துக் காசு கிடையாது என்றேன்.
தங்கக் கம்பி, பச்சை வில்லை,
விழப்போகிற துளியை அப்படியே நிறுத்தி வைத்த வடிவம்.
ஏவியேட்டர், அக்கா,
பிளேன் ஓட்டுறவங்க போடுறது.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கூலிங் கிளாஸ்.
எவன் வைத்த பெயரோ,
போட்டு ஒருநாளும் எனக்குக் குளிர்ந்ததில்லை.

முனையத்தில் கிடைக்கும் ஒன்பது நிமிடத்தில்
போனில் படித்தேன்:
முப்பதுகளில் மேகத்துக்கு மேலே பறந்தவர்களுக்கு
மண்டை பிளக்கும் வலி.
உரோமம் வைத்துத் தைத்த பழைய கண்மூடிக்குள்
ஆவி படிந்து வானமே காணாமல் போகும்.
அப்புறம்தான் இந்தப் பச்சை.
துளி ஏன் கன்னம்வரை இறங்குகிறது என்றால்
விமானியின் கண் அடிக்கடி கீழே, முள்களைப் பார்க்கப் போகும்.
போகிற இடமெல்லாம் நிழலும் கூடப் போக வேண்டும்.
படித்ததும் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

பிறகு யார் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.
தலைக்கவசத்துக்குள் நுழையட்டும் என்று
காதுக்கம்பியை நேராக்கி
வில்லையைச் சதுரமாக்கியது ராணுவம்.
தூண்டில்காரர்கள், போக்குவரத்து போலீஸ், பாடகர்கள்,
ஆட்சியைக் கவிழ்த்த தளபதிகள்.
எழுபதுகளில் மேலே கடுந்தேநீர், கீழே வெறுந்தண்ணீர் என்று
பழுப்பு மங்கிக்கொண்டே இறங்கியது.
பாதரசம் பூசினாற்போல் ஒன்று வந்தது.
அதில் எதிரே நிற்பவன் முகம்தான் தெரியும்,
போட்டவன் தெரிய மாட்டான்.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில்
கட்டுமானத் தளத்துப் பையன்கள் ஐந்து பேர்
ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு
ஊருக்கு ஐந்து படம் அனுப்புகிறார்கள்.

என் மூக்கை அந்தத் தொழிற்சாலையில் யாரும் அளக்கவில்லை.
மூன்று நிறுத்தத்துக்கு ஒருமுறை வழுக்கும்.
ரப்பர் துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதற்கு முன் நாற்பத்தொன்பது வெள்ளி கொடுத்து
போலரைஸ்ட் வாங்கி ஏமாந்த கதை தனி.
புது மின்சாரப் பேருந்தின் திரை
அதற்குள் கன்னங்கரேலென்று கிடந்தது.
எத்தனை வேகம் என்று பார்க்க
கோழி மாதிரி தலையைச் சாய்த்தேன்.
முன்னால் நின்றவர் சிரித்துவிட்டார்.
வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு பட்டை,
சக்கரம் வைத்த பெட்டி. ஃபிர்தௌஸ் என்று பெயர்ப்பட்டை.
நாங்களும் அதைப் போடுவதில்லை,
எங்கள் திரையும் இப்படித்தான் செத்துப்போகும் என்று
தன்னுடையதை எடுத்துக் காட்டினார்.
துளி வடிவம் இல்லை.
மருந்துக்கடையில் தொங்கும் தடித்த கறுப்புச் சட்டகம்,
ஒரு பக்கம் டேப்.

இறங்கும்போது தேங்க்யூ கேப்டன் என்றார்.
இந்த ஊரில் பஸ் ஓட்டினால் அதுதான் பதவி,
என் சட்டையிலும் இருக்கிறது: கேப்டன் மரகதவல்லி.
இருந்தாலும் அன்று கதவை மூட
இரண்டு விநாடி கூடுதலாயிற்று.

சாங்கி வில்லேஜில் ஒரு கோப்பி ஓ கொசோங்.
தலைக்கு மேலே
சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்று தாழ்கிறது.
அண்ணாந்தால் பச்சைக்குள்
குளத்து மீனின் வயிறு.

இரண்டு மணிக்கு மழை. கழற்றினேன்.
மூக்கின் இருபுறமும் இரண்டு பள்ளம்,
தேய்த்தும் போகவில்லை.
பாசிர் ரிஸில் ஏறிய பையன்
அட்டையைத் தட்ட மறந்து நின்றான்:
ஆன்ட்டி, உங்க கண்ணாடி எங்கே?